பத்தாவது உறை

முப்பந்தலில் ஒரு காற்றாடிகூடச் சும்மா நிற்காத ஆனி மாதம்.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று
யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
கிளப்பின் சிவப்புக் கொடி
கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.
இன்றைக்கு வேண்டாமே என்றார் டென்னிசன்.
அவருக்கு முந்நூறு மீட்டர், தூரக்கண்ணாடி,
காற்றுக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று
ஒரு நோட்டு நிறையக் கணக்கு.
எனக்கு ஐம்பது மீட்டரும்
சிரட்டை அகலத்தில் ஓர் இரும்புத் தட்டும் போதும்.

குடையை பெஞ்சின் நுனியில் மாட்டிவிட்டு
அதைக் கையில் எடுத்தேன்.
குட்டைத் துப்பாக்கி.
அந்தக் குடையைவிடக் கொஞ்சம்தான் நீளம்.
விசையைச் சுற்றி ஒரு வளையம்,
அதற்குள் மூன்று விரல்.
கீழே தள்ளு, மேலே இழு.
பள்ளியாடி வீட்டு அடிபம்ப் மாதிரி;
ஆனால் பம்ப்
முதல் இருபது அடிக்கு வெறும் இருமலைத்தான் தரும்.

தக்கலை வளைவில் ஸ்கூட்டர் சரிந்து
பிளேட் வைத்த தோள் இது.
டென்னிசனின் பன்னிரண்டு போர் ஒரேயொரு முறை தொட்டது;
மூன்று நாள் தலை பின்ன ஆள் வேண்டியிருந்தது.
இது
பஸ்ஸில் தூங்கிப்போன பக்கத்து சீட்டுக்காரி
திருப்பத்தில் நம்மேல் சாய்வதுபோல் சாயும்.
அவ்வளவுதான். பிறகு அவளே நிமிர்ந்துகொள்வாள்.

தோட்டாவும் தனியாக வேண்டாம்.
பீரோவில் இருக்கும் ரிவால்வருக்கு வாங்குவதுதான் இதற்கும்.
ஒரே மாவில் இட்லியும் தோசையும்.
இந்தச் சிக்கனம்
நோட்டு நிறையக் கணக்கு எழுதுகிறவருக்கு
இன்னும் பிடிபடவில்லை.

முதல் குண்டு.
அவசரமில்லாத குண்டு.
புறப்பட்டதற்கும் 'டங்' என்று சேதி வந்ததற்கும் நடுவே
கண் சிமிட்டும் நேரம்.
அதில் நான் யாருக்கும் மனைவி இல்லை,
கூட்டுறவு வங்கியின் நிலுவைப் பட்டியல் இல்லை,
தோளில் ஆணி இல்லை.
டங்.
தள்ளு, இழு.
டங்.
உறை நேரே மேலே துள்ளும்,
எண்ணெயில் விழுந்த கடுகு.
அதைப் பாதி வழியிலேயே காற்று வாங்கிக்கொள்ளும்.
ஏழாவது தப்பியது. கண்ணை மூடிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.
மற்ற ஒன்பதுக்கும் தட்டு பதில் சொன்னது.

ஆனால் பொறுக்கியபோது உறைகளும் ஒன்பது.

சுட்டது பத்தென்றால் காலி உறையும் பத்து.
இல்லாவிட்டால் அடுத்த பெட்டி கிடையாது,
ஆயிரம் கேள்வி மட்டும் கிடைக்கும்.
டென்னிசன் முட்டிபோட்டுப் புல்லை விலக்கினார்.
எறும்புப் புற்று, சோடா மூடி, யாரோ தொலைத்த பேனா.
கிளப் காவல்காரர் தாணுலிங்கம் வானத்தைப் பார்த்தார்:
"சவத்த விடுங்கக்கா. இந்தக் காத்துக்கு
அது இப்பம் பணகுடி தாண்டியிருக்கும்."

செவ்வாய்க்கிழமை வடசேரி பஸ் ஸ்டாண்டில்
திடீரென்று சாரல்.
குடையை விரித்தேன்.
தலையில் ஒரு குட்டு,
தரையில் ஒரு கிணுங்.
பித்தளை உருண்டுபோய்
கடலை விற்கும் பையன் காலில் முட்டி நின்றது.

அவன் எடுத்தான், பார்த்தான்,
உதட்டில் வைத்து ஊதினான்.
அப்படியொரு விசில்.
குலசேகரம் பஸ் ஓட்டுநர் கியரைப் போட்டார்.
பாதிப் படியில் நின்ற கண்டக்டர்
"எவம்ல ஊதினது?" என்று கத்திக்கொண்டே தொற்றினார்.

"தம்பி, அது எனக்கு வேணும்."
"இதென்னதுக்கா?"
"கணக்குக்கு."
பத்து ரூபாய்க்குக் கடலை வாங்கினால் தருகிறேன் என்றான்.
இருபதுக்கு வாங்கினேன்.
தருவதற்கு முன்னால்
இன்னொரு தரம் ஊதிக்கொள்ளட்டுமா என்று கேட்டான்.

பஸ்கள் எல்லாம் ஒருமுறை
பார்க்கட்டும் என்று
நானும் குடையை மடக்கிக்கொண்டு நின்றேன்.